ரெஜிக்குக் காட்ட ஒரு ரிப்போர்ட்

கதவைச் சாத்திட்டுப் போயிட்டா அந்தப் பொண்ணு. சாத்தின உடனே எல்லாம் நின்னுடுச்சு. ஃபேன் இல்ல, அயனாவரம் ரோடு இல்ல, கீழ மருந்துக்கடையில பில் அடிக்கிற மெஷின் இல்ல. ஒரு ஆள் உக்கார்ற அளவுக்கு ஒரு பெட்டி, சுத்தி சாம்பல் கலர்ல பஞ்சு, தலைக்கு மேல சின்னதா ஒரு லைட்டு, காதுல கனமான ஹெட்ஃபோன், கையில வயர் தொங்குற ஒரு பட்டன். "சவுண்டு கேட்டா அமுக்குங்க சார். ரொம்ப சின்னதாக் கேட்டாலும் அமுக்குங்க. ஏதாவது பேசணும்னா பேசுங்க, மேல மைக் இருக்கு." கழுத்துல தொங்குற அட்டையில நஸ்ரீன்னு போட்டிருக்கு. இருபத்தஞ்சு வயசு இருக்குமா? பக்கத்துல கண்ணாடி ஜன்னல், அந்தப் பக்கம் அவ மெஷின். ஆனா என்னை சுவத்தைப் பாத்து உக்கார வெச்சிருக்கா. "என்னைப் பாக்காதீங்க சார், கை அசையறதை வெச்சே சில பேர் அமுக்கிடுவாங்க." எவன்மா அவன்? ரேஷன் கடை வரிசையில முந்துற மாதிரி காது டெஸ்ட்லயும் முந்துறவன்? நான் அந்த ரகம் இல்ல. இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல ஃபைல் தள்ளுறது சம்பளத்துக்கு, அது வேற. இருபத்தாறு வருஷமா கீபோர்டு வாசிக்கிறேன், எங்க பாண்டோட ரெக்கார்டிங் எல்லாம் நான்தான் மிக்ஸ் பண்றேன், எந்தச் சத்தம் எவ்வளவு மேல நிக்கணும், எது கீழ நிக்கணும்னு முடிவு பண்றது இந்த ரெண்டு காது. இந்தக் காதுக்கு சர்டிபிகேட் வாங்க இன்னிக்கி சனிக்கிழமை லீவைக் கெடுத்துக்கிட்டு வந்திருக்கேன். எல்லாம் அந்த ரெஜினால்டு ஒருத்தனுக்காக. ரிப்போர்ட்டை வாங்கறோம், ஃபோட்டோ எடுக்கறோம், அவனுக்கு அனுப்பறோம். கீழ ஒரு வார்த்தை எழுதமாட்டேன். பாத்துட்டு அவனே வாயைப் பொத்திக்கட்டும்.

பூம். கேட்டுச்சு, அமுக்கு. வலது காதுல, நல்லா குண்டா, தவில்ல இடது கை வெச்ச மாதிரி. பூம். அமுக்கு. இதுக்குப் போயி டெஸ்டாம். அடுத்தது கொஞ்சம் மேல, பூன்னு. அமுக்கு. இது என் பொண்டாட்டி வசுமதிக்கே கேக்குமே, அவளுக்குத் தாளமும் கிடையாது ஒண்ணும் கிடையாது. பாண்டுக்கு ஏழரைன்னு பேரு வெச்சா வெளங்குமாங்கன்னு கல்யாணமான புதுசுல கேட்டவ அவ. மொத மொதல்ல நானும் ரெஜியும் போட்ட டியூன் ஏழரைத் தட்டுல வந்துச்சு, அதனால வெச்சோம், சனி பகவானுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னேன். இப்ப நினைச்சா அவரும் வந்து ஒரு ஓரமா உக்காந்துட்டார் போல. பீ. அமுக்கு. பெரம்பூர்ல ரெஜி வீட்டு மாடி. சுவர் முழுக்க முட்டை அட்டை, ஜன்னலுக்குப் பழைய மெத்தை, ஏப்ரல் மாசத்துல உள்ள நுழைஞ்சா ஆள் வெந்துடுவான். அவன் ட்ரம்ஸ், நான் கீபோர்டு. கிடாரும் பாஸும் வர்றவன் வருவான், போறவன் போவான், துபாய் போனவனே நாலு பேர். இடம் கிடையாது, அதனால என் கீபோர்டு அவனோட பெரிய பித்தளை சிம்பலுக்கு ஒட்டி நிக்கும். அவன் ஒரு போடு போட்டா என் இடது பக்க முடி ஆடும். அவன் மட்டும் தலகாணியிலேர்ந்து பஞ்சைப் பிச்சு ரெண்டு காதுலயும் திணிச்சுக்குவான். "நீயும் வெச்சுக்கோடா, ராத்திரி காது ங்ஙொய்ங்குது பாரு." பஞ்சு வெச்சுக்கிட்டு வாசிக்கிறதுக்கு நீ ப்ராக் வாசிக்காத, வார்டுபாய் வேலைக்குப் போன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். ஆனா பஞ்சை எடுக்கலை. பீ. அமுக்கு. வலது காது கிண்ணுனு இருக்கு, நான்தான் சொன்னேனே. அதுக்கு மேல அவ ஒண்ணும் குடுக்கலை, இந்தக் காதுக்கு அவ்வளவுதான் போல.

ப்ராக்குன்னா என்னன்னு எவனாவது கேட்டா எனக்கு எரிச்சல்தான் வரும், ஆனாலும் சொல்லிடுவேன். ப்ராக்ரெசிவ் ராக். பாட்டு மூணு நிமிஷத்துல முடியாது, தாளம் நாலுல நிக்காது, கேக்குறவன் கொஞ்சம் உக்காந்து கேக்கணும், அவ்வளவுதான். பிங்க் ஃப்ளாய்டு பனியன் போட்டுக்கிட்டு வந்து நானும் ப்ராக்குன்னு சொல்றவனை நான் உள்ள விடமாட்டேன். பிங்க் ஃப்ளாய்டு நல்ல பாண்டு, ஒத்துக்கிறேன், மழை நேரத்துக்கு நல்லாயிருக்கும். ஆனா அது சாஞ்சு உக்காந்து கேக்குறது. கிங் கிரிம்சன் கேட்டா சாய முடியாது, முதுகு நிமிரும். யெஸ் கேட்டா மாடிப்படி ஏறிக்கிட்டே இருக்குற மாதிரி இருக்கும், மொட்டை மாடி வந்தப்புறமும் படி இருக்கும். ஜெத்ரோ டல்லுல அந்தாள் ஒத்தக் கால்ல நின்னு புல்லாங்குழல் ஊதுறதை மொத தடவை வீடியோல பாத்தப்போ ரெஜி, "மச்சி, கொக்கு"ன்னான். ரஷ்ஷுன்னா அவனுக்கு உசுரு. மூணே பேரு, ஆறு பேர் சத்தம்னு பாக்குறவன்கிட்டயெல்லாம் சொல்லுவான். ஜெனிசிஸ்லதான் எங்களுக்குச் சண்டை. பாட்டுக்காரர் போனப்புறம் ட்ரம்மரே பாட வந்தாரே, அப்பவே அந்தக் கடையைச் சாத்தியிருக்கணும்னு நான் சொல்லுவேன். அவன் விடமாட்டான், ட்ரம்மர் மேல கை வெச்சா எப்படி விடுவான், "பின்னாடி உக்காந்திருக்கறவன் முன்னாடி வந்தா உங்களுக்கெல்லாம் பொறுக்காதுடா"ன்னு கத்துவான். அதெல்லாம் சண்டையா? அது சந்தோஷம். மூணு வாரத்துக்கு முன்னாடி நடந்ததுதான் சண்டை. இருபத்திமூணு நிமிஷம், ஒரே பீஸு, ஒம்போது வருஷமா எழுதி, அழிச்சு, திருப்பி எழுதி, எங்க வாழ்க்கையில நாங்க உருப்படியா செஞ்ச ஒரே வேலை. வர்ற பதினஞ்சாம் தேதி வெளியில விடறோம்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு. எல்லாருக்கும்னா ஒரு நாப்பது பேரு இருப்பாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தான், வசுமதி மீன் வறுத்துக்கிட்டிருந்தா, ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு கண்ணை மூடி உக்காந்தான். பத்தொம்போதாவது நிமிஷத்துல கழட்டி வெச்சுட்டான். "மச்சி, குத்துதுடா." என்ன குத்துது? "சிம்பல் குத்துது. உன் மேல் சவுண்டு எல்லாம் குத்துது. பல்லு கூசுது." உனக்குக் காது அவுட்டுடான்னேன். என்னைப் பாத்தான். கோவமே இல்ல அவன் மூஞ்சியில, அதுதான் எனக்குத் தாங்கலை. "உனக்குக் கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லேன்டா. அதுல என்ன இருக்கு? மேல ஏத்தி ஏத்தி வெச்சிருக்க. எறக்கிடலாம். நான் உக்காந்து எறக்கறேன்." அப்பதான் சொன்னேன். நீ இருபத்தாறு வருஷமா ஸ்பீடைத் தள்ளிக்கிட்டே இருக்க, உன் ஓட்டையை அடைக்கத்தான் நான் இத்தனை சவுண்டு ஏத்துறேன்னு. பொய். அவன் கடியாரம். ட்ரம்மர்கிட்ட அந்த வார்த்தையை சொல்லவே கூடாது, சொன்னா அப்புறம் ஒண்ணுமில்ல. குச்சிப் பையை எடுத்துக்கிட்டு எழுந்தான். மீன் தட்டோட வசுமதி நிக்கிறா, "அண்ணே, சாப்பிட்டுப் போங்க"ங்கறா, அவன் அவ தலையில கை வெச்சுட்டு இறங்கிப் போறான். நான் மாடியிலேர்ந்து கத்தினேன், ரிப்போர்ட்டோட வரேன்டா, அன்னிக்கி உன் மூஞ்சியைப் பாக்கணும். தெருவே கேட்டுச்சு.

"இப்ப இடது காது சார்." ஹெட்ஃபோனுக்குள்ள அவ குரல் வந்து போச்சு. சரிம்மா. பூம். அமுக்கு. பூ. அமுக்கு. இதுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கு. அதே சாம்பல் சுவரு, அதுல ஒரு எடத்துல பஞ்சு கிழிஞ்சு தொங்குது, எவனோ பயத்துல நோண்டியிருக்கான். பீ. ம், அமுக்கு. கொஞ்சம் தூரத்துலேர்ந்து வந்துச்சு. பரவாயில்லை, வந்துச்சுல்ல. அப்புறம் ஒண்ணும் வரலை. என்ன பண்றா, மெஷின்ல ஏதாவது மாத்துறாளா? எனக்குள்ள இருக்குற அந்த ஙொய்ங்கறது மட்டும் இருக்கு. அது எப்பவும் இருக்கு, மேல் ஸ்தாயி ஈங்கற நோட்டு, கீபோர்டுல வெச்சுப் பாத்திருக்கேன், சுருதி விலகினதே இல்ல. இன்னும் ஒண்ணும் வரலை. வியர்க்குது. ஏசி இல்லாத பெட்டிக்குள்ள உக்கார வெச்சா வியர்க்காம என்ன செய்யும். வரலை. இல்ல, ஒருவேளை வந்து எனக்குத் தெரியலையா? சீ. ரெஜி மூஞ்சி ஞாபகம் வருது, அந்தக் கோவமில்லாத மூஞ்சி. வாஷிங்மெஷின் முடிஞ்சு கத்துது, காதுல விழலையான்னு வசுமதி கேட்டது ஞாபகம் வருது. ஏன் இப்ப இதெல்லாம் ஞாபகம் வரணும்? நான் நாப்பத்தொம்போது, எழுவது இல்ல. அப்பாவுக்கே எழுவத்தஞ்சுலதான் காது மெஷின் வெச்சோம், அதையும் சட்டைப் பையிலேயே வெச்சுக்கிட்டு சுத்தினார் மனுஷன், கேக்கறதெல்லாம் கேக்குதுன்னு சொல்லிக்கிட்டு. இரு. வந்துச்சு. ஊசி மாதிரி, ரொம்ப மேல, மெல்லிசா. அமுக்கு. அப்பாடா. இன்னொண்ணு. அமுக்கு. இன்னொண்ணு. ஓ, இப்பப் புரியுது, இந்தப் பொண்ணு இஷ்டத்துக்கு விட்டு விட்டுக் குடுக்கறதா நினைச்சுக்கிட்டிருக்கா, ஆனா அவ கையில ஒரு கணக்கு இருக்கு. மூணு எண்ணி ஒண்ணு, நாலு எண்ணி ஒண்ணு. தகிட, தகதிமி. தகிட, தகதிமி. அடி என் செல்லமே, ஏழு! அவளுக்கே தெரியாது, ஏழுல வாசிக்கிறா. உலகத்துல எவனாவது காது டெஸ்டுல இதைக் கண்டுபிடிப்பானா? தகிட, வந்துச்சு, அமுக்கு. தகதிமி, வந்துச்சு, அமுக்கு. இப்ப எவ்வளவு சின்னதாக் குடுத்தாலும் எனக்குத் தெரியும் எங்க வருமின்னு, எங்க பாக்கணுமின்னு தெரிஞ்சா எதுவும் கண்ணுல படும். நூல் மாதிரி வருது, அமுக்கு. ரோமம் மாதிரி வருது, அமுக்கு. கேக்குதுடா ரெஜி. எவ்வளவு அழகா கேக்குது பாரு. எங்க பீஸுல கடைசி நாலு நிமிஷம் இதே ஏழுதான், நீ ஓரமா சிம்பலைத் தடவிக்கிட்டே வர, நான் மேல ஒத்த நோட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், பாட்டு முடிஞ்சப்புறமும் அந்த நோட்டு மட்டும் நிக்குமே, அது மாதிரி நிக்குது. தகிட. தகதிமி. சிரிப்பு வருது எனக்கு. கண்ணுல தண்ணியும் வருது, அது வியர்வையாக்கூட இருக்கலாம்.

வெளியில பெஞ்சுல உக்காரச் சொல்லியிருக்கா, அஞ்சு நிமிஷமாம். வெளிச்சம் கண்ணைக் கூசுது. ஜன்னலுக்கு வெளிய ஒரு வாதுமை மரம், எங்க தெருவுல இருக்குற மாதிரியே. எங்க மரத்துல அணில் நிறைய இருந்துச்சு, இப்ப ஒண்ணுகூடக் கத்தறதில்ல, எல்லாம் செல்ஃபோன் டவர் வந்தப்புறம் போச்சு, ஆபீஸ்ல நாலு பேர்கிட்ட சொல்லி வருத்தப்பட்டிருக்கேன். இந்த மரத்துல ஒரு அணில் இருக்கு. வாலை வெட்டி வெட்டி ஆட்டிக்கிட்டு வாயைத் திறந்து திறந்து மூடுது. ஊமை அணில் போல. சரி, ரெஜிக்கு என்ன அனுப்பலாம்? ஒண்ணும் எழுதவேணாம்னுதான் நினைச்சேன், ஆனா எழுதணும் போல இருக்கு. மூணு வாரம் ஆச்சு. இருபத்தாறு வருஷத்துல மூணு வாரம் அவன் குரல் கேக்காம இருந்ததே இல்ல, அவங்க அம்மா செத்தப்பகூட ரெண்டாம் நாள் சாயங்காலம் ஃபோன் பண்ணி, மச்சி, அந்த ரெண்டாவது பார்ட்டை அஞ்சுல மாத்தலாமான்னு கேட்டான், கேட்டுட்டு அழுதான். காது நல்லாயிருக்குடா, ஆனா நான் சொன்னது தப்பு, உன் ஸ்பீடுல ஒரு குறையும் இல்லன்னு எழுதலாம். ஜெயிச்சவன் இறங்கி வந்தா அழகாத்தான் இருக்கும். வேணும்னா சிம்பலைக் கொஞ்சம் எறக்கறேன்னு கூட சொல்லலாம், ஒரு பேச்சுக்கு. ஃபோனை எடுத்துட்டேன். "சார்"னு கூப்பிட்டுக்கிட்டு நஸ்ரீன் வந்து பக்கத்துல நிக்கிறா, கையில பேப்பர் இருக்கு, ஆனா குடுக்க மாட்டேங்கறா. "சார், நீங்க மியூசிக்கா?" பாரு, தெரிஞ்சுடுச்சு. ஆமாம்மா, கீபோர்டு, எப்படிக் கண்டுபிடிச்ச? எனக்குப் பெருமை தாங்கலை, சட்டைக் காலரை வேற இழுத்து விட்டுக்கறேன். அவ பேப்பரைப் பாக்கறா, என்னைப் பாக்கறா. "கடைசி ரெண்டு நிமிஷம் நான் சவுண்டே குடுக்கலை சார்." என்னம்மா? "சந்தேகமா இருந்துச்சு, அதனால நிறுத்திட்டுப் பாத்தேன். நீங்க அமுக்கிக்கிட்டே இருந்தீங்க. மூணு, நாலு, மூணு, நாலுன்னு. அதுக்கு முன்னாடி நான் அப்படித்தான் குடுத்திருக்கேன் போல, என் தப்புதான். ஆனா சார், இவ்வளவு கரெக்டா டைமிங்ல அமுக்கி நான் யாரையும் பாத்ததில்லை." அவ நிஜமாவே பாராட்டறா. கேட்டுச்சேம்மான்னு சொல்றேன். "கேட்ட மாதிரி இருக்கும் சார், அப்படி ஆகும். திரும்ப ஒரு வாட்டி பண்ணிடலாம், இடது காது மட்டும். இந்த வாட்டி எண்ணாதீங்க." நான் திரும்பி மரத்தைப் பாக்கறேன். அணில் இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடுது. அணில் கத்துதாம்மா? கேட்டுட்டேன். அவ ஜன்னல் பக்கம் பாத்தா. "ஆமா சார், காலையிலேர்ந்து ஒரே கத்து."

திரும்பக் கதவு. திரும்ப சாம்பல் சுவரு. எண்ணாதீங்கன்னா எப்படி? மூச்சு விடாதீங்கன்னு சொல்லலாமே. படிக்கட்டு எண்ணுவேன், வசுமதி வெங்காயம் வெட்டறதை எண்ணுவேன், மின்சார ரயில் போனா தண்டவாளத்தை எண்ணுவேன். அப்ப எங்க பீஸுல அந்தக் கடைசி நாலு நிமிஷம் நான் கேட்டது என்ன? ஒம்போது வருஷமா எனக்கு மனப்பாடம் ஆனது அது. எங்க வருமின்னு தெரியும், அதனால வருது. வரலைன்னா இன்னும் கொஞ்சம் ஏத்து, இன்னும் கொஞ்சம் ஏத்து, ரெஜிக்குப் பல்லு கூசுற வரைக்கும் ஏத்து. முடிஞ்சப்புறமும் நிக்குதே ஒரு நோட்டு, ஆஹா என்ன மாதிரி நிக்குதுன்னு நானே என்னை மெச்சிக்கிட்டேனே, ஈ, மேல் ஸ்தாயி ஈ, அது ரெக்கார்டிங்லயே இல்லடா, அது என் மண்டையில இருக்கு. ஐயோ. நாப்பது பேருக்கு அதைத்தான் அனுப்ப இருந்தேன். ஒரு துண்டுப் பஞ்சு. அவன் பிச்சு நீட்டினான், நான் வாங்கலை. "ஸ்டார்ட் பண்றேன் சார்." பூம். அமுக்கு. பீ. அமுக்கு. அப்புறம் அந்த இடம் வந்துடுச்சு. ஒண்ணும் இல்ல. தகிட, விரல் துடிக்குது, இல்ல, அமுக்காத. தகதிமி, வருது, ஊசி மாதிரி வருது, சத்தியமா வருது, இல்ல, அமுக்காத. எதை நம்பறது? கழுத்தைத் திருப்பக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. திருப்பிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ குனிஞ்சிருக்கா, என்னைப் பாக்கலை, விரல் மட்டும் தெரியுது. விரல் ஒரு பொத்தானை அமுக்குது. அதோ, சத்தம் குடுக்கறா. இந்தக் காதுக்குள்ள இப்ப ஒண்ணு அடிக்குது, எனக்கு வரலை. வால்யூம் திருகைக் கொஞ்சம் திருப்பறா, திரும்ப அமுக்கறா. வரலை. இன்னும் திருப்பறா. என் கட்டைவிரல் பட்டன் மேல இருக்கு. அவ விரலோட சேத்து இதையும் அமுக்கினா போதும், அவளுக்குத் தெரியாது, முழு மார்க்கு, ஃபோட்டோ எடுத்து அனுப்பிடலாம், பதினஞ்சாம் தேதி என் மிக்ஸு வெளிய போகும், ரெஜி வாயைப் பொத்திக்குவான். காலம் பூரா பொத்திக்குவான். அவ விரல் இறங்குது. பட்டனை மடியில வெச்சேன். "கேக்கலை"ன்னு சொன்னேன். என் குரல் பஞ்சுக்குள்ள போய் விழுந்துச்சு. அவ நிமிர்ந்து பாத்தா, பேப்பர்ல ஏதோ குறிச்சுக்கிட்டு இன்னும் கொஞ்சம் திருப்பினா. விரல் இறங்குச்சு. கேக்கலைம்மா. இன்னும் திருப்பினா. கேக்கலை. திரும்பவும் விரல் இறங்குச்சு, நான் எண்ணலை. கேக்கலைடா.